முத்திரை வைத்த பெட்டி

கேள்வி: 1955-இல் அமெரிக்காவின் மிசிசிப்பியில் வெள்ளையர்களால் கொல்லப்பட்ட கறுப்பினச் சிறுவன் எம்மெட் டில்லின் தாய், சிதைந்துபோன மகனின் முகத்தை ஊருக்கே காட்டினாராமே, ஏன்? கொலைகாரர்கள் பத்திரிகையில் ஒப்புக்கொண்டும் ஏன் தண்டனை இல்லை?
– வாசகி, விருதுநகர்

பதில்: மறைக்கப் பார்த்தார்கள், அதனால் காட்டினார். 14 வயதுப் பையனின் கழுத்தில் சுமார் 34 கிலோ எடையுள்ள பருத்தி ஜின்னிங் விசிறியை முள்கம்பியால் கட்டி டல்லஹாச்சி ஆற்றில் போட்டிருந்தார்கள். ஆகஸ்ட் 31 அன்று உடல் கிடைத்தபோது முகம் பிடிபடவில்லை. தகப்பன் லூயிஸ் டில்லின் முதலெழுத்துகள் பொறித்த வெள்ளி மோதிரம்தான் ஆளைச் சொன்னது. உடனே அங்கேயே புதைத்துவிடக் குழியும் வெட்டத் தொடங்கினார்கள். சிகாகோவிலிருந்த தாய் மேமி அதைத் தடுத்து, ரயிலில் உடலை வரவழைத்தார். முத்திரை வைத்த சவப்பெட்டியைத் திறக்கக் கூடாது என்ற நிபந்தனையில் இறுதிச்சடங்கு நிலையத்தார் கையெழுத்திட்டிருந்தார்கள். நான் கையெழுத்துப் போடவில்லையே என்றார் மேமி, பெட்டி திறந்தது. முகத்தைச் சீர்படுத்தட்டுமா என்று கேட்டதற்கும் வேண்டாம் என்றார். 'ஜெட்' இதழில் படம் வந்தது.

மிசிசிப்பி மேமிக்குப் புதிதல்ல. அவர் பிறந்த வெப் ஊரும், வழக்கு நடந்த சம்னரும் ஒரே கவுன்ட்டி (நம் மாவட்டம் போல). வெள்ளையரிடம் பணிந்து நட என்று சொல்லித்தான் மகனை அனுப்பியிருந்தார்.

நீதிமன்றத்தில், உடல் யாருடையதென்றே தெரியவில்லை என்றார் கவுன்ட்டியின் காவல் தலைவரான ஷெரிஃப். என் மகன்தான் என்று தாய் சாட்சி சொன்னார். தீர்ப்புச் சொல்லும் பொதுமக்களான ஜூரிகள் அன்று வாக்காளர் பட்டியலிலிருந்து வந்தார்கள். அந்தக் கவுன்ட்டியில் பதிவான கறுப்பின வாக்காளர் ஒருவர்கூட இல்லை. ஆக 12 பேரும் வெள்ளைக்கார ஆண்கள். 67 நிமிடத்தில் விடுதலை! உடலின் அடையாளம் நிரூபணமாகவில்லை என்பதே ஜூரித் தலைவர் சொன்ன காரணம். 2005-இல் கல்லறையைத் தோண்டி எடுத்துச் செய்த டிஎன்ஏ சோதனை, தாய் சொன்னதே சரி என்றது.

ஒப்புதல் வாக்குமூலம் 1956 ஜனவரியில், 'லுக்' இதழில், காசு வாங்கிக்கொண்டு. விடுதலையான கொலைக் குற்றத்துக்கு மறுவிசாரணை கிடையாது என்பது உண்மை. ஆனால் சட்டம் கையைக் கட்டிவிட்டது என்பது பாதிக் கதைதான். ஆள்கடத்தல் தனிக் குற்றம், அது நடந்த இடமான லெஃப்ளோர் கவுன்ட்டியின் பொறுப்பு. அங்கே 1955 நவம்பரில், வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் கிராண்ட் ஜூரி குற்றம் சாட்டவே மறுத்துவிட்டது. வாக்குமூலம் அச்சில் வந்த பிறகும், அந்தக் கொலைகாரர்கள் உயிரோடிருந்தவரை அந்தக் கோப்பை யாரும் மறுபடி திறக்கவில்லை.