எல்லாப் பாத்திரமும் ஒரே ஆள் மாதிரி தெரிகிறதா?

ஹட்டனில் நான்கு பேர் சேர்ந்து, பார்ப்பவர்கள் தரும் ஒரு சொல்லை வைத்து அங்கேயே நாடகம் போடுகிறோம், சிரிப்பு வருகிறது, ஆனால் கங்காணியும் தாத்தாவும் டாக்டரும் ஒரே ஆளாகத் தெரிகிறார்கள், இதற்காக நடிப்பு வகுப்புக்குக் கண்டி வரை போகணுமா என்று கேட்டிருக்கிறீர்கள். போங்கள். உங்களுக்குக் குறைவது கற்பனை அல்ல, உடம்பும் குரலும்தான்.

இந்தக் கலையே பயிற்சியிலிருந்து வந்ததுதான். சிக்காகோவில் வயோலா ஸ்போலின் நாடக விளையாட்டுகளை உருவாக்கினார், அவர் மகன் பால் சில்ஸ் இன்னும் சிலரோடு 1959இல் தொடங்கியது செகண்ட் சிட்டி என்ற, இப்படி அங்கேயே நாடகம் போடும் குழு. லண்டனில் நாடகம் கற்பித்த கீத் ஜான்ஸ்டன், அந்தஸ்தில் யார் மேலே, யார் கீழே என்பதை வைத்தே காட்சி பழக்கினார். அதை இன்றைக்கே செய்து பாருங்கள்: துரையாக வருபவர் தலையை அசைக்காமல் நிதானமாகப் பேசட்டும், எதிரே நிற்பவர் அடிக்கடி முகத்தைத் தொட்டுக்கொள்ளட்டும். வசனம் அதேதான், ஆள் மாறிவிடுவார்.

ஒன்று, வகுப்புக்குப் போன புதிதில் நான் மேடையில் என் கையையே கவனித்துக்கொண்டு, கூட நடித்தவர் சொன்னதைக் கோட்டைவிட்டேன். அப்புறம் சரியானது. அதனால் வகுப்பு நடக்கும்போதும் மேடையை விடாதீர்கள்.

கண்டிக்குப் பஸ் காசு கட்டாது என்றால், தோட்டத்தில் காமன் கூத்து ஆடும் பெரியவர்களிடம் கேளுங்கள், வெட்டவெளியில் கடைசி ஆளுக்கும் குரல் எட்ட வைப்பது அவர்களுக்குத் தெரியும். வெற்றிலை வாங்கிக்கொண்டு போங்கள்.