பாம்பு, எலி, பல்லி, மரநாய்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

மழை தொடங்கிவிட்டால் எனக்கு வரும் கேள்விகளில் பாதி பாம்பைப் பற்றித்தான். அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

குளியலறைச் சுவரில் கறுப்பு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட பாம்பு ஏறியது. கட்டுவிரியன் என்று பயந்து மாமா அடித்துவிட்டார். சிறியாநங்கைச் செடி வைத்தால் இனி வராதா?
- வாசகி, தென்காசி

சுவரில் ஏறியது என்றால் பெரும்பாலும் வெள்ளிக்கோல் வரையன். விஷமில்லாதது, பல்லி பிடிக்க வந்திருக்கும். அதற்குக் கழுத்திலேயே பட்டை தொடங்கி, வால் பக்கம் மங்கிவிடும். கட்டுவிரியனுக்குத் தலையிலிருந்து சற்றுத் தள்ளித்தான் கோடுகள் தொடங்கும். ஆனால் இதைச் சரிபார்க்க யாரும் கிட்டே போகாதீர்கள். எட்ட நின்று, அது எங்கே நுழைகிறது என்று ஒருவர் கண் வைத்திருக்க, இன்னொருவர் தீயணைப்புத் துறையை 101-ல் கூப்பிடட்டும்.

சிறியாநங்கை, பூண்டு, பினாயில் எதுவும் பாம்பைத் தடுக்காது. அது எலிக்கும் தவளைக்கும்தான் வருகிறது. சுவரோரம் குவித்த செங்கல், விறகு, தேங்காய் மட்டையை அப்புறப்படுத்துங்கள். கதவுக்கு அடியில் உள்ள இடைவெளியை அடைத்துவிடுங்கள்.

கட்டுவிரியனைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் பல சமயம் எறும்பு கடித்த அளவுக்குக்கூட வலிக்காது, தடமும் தெரியாது. விடியற்காலையில் காரணமில்லாத வயிற்றுவலி, விழுங்க முடியாமை, இமை தானாக மூடிக்கொள்வது என்று வந்தால் உடனே 108-ஐ அழையுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், கடித்த கையையோ காலையோ அசைக்க விடாதீர்கள். அரசு மருத்துவமனைகளில் விஷமுறிவு மருந்து உண்டு. அதைத் தயாரிக்கத் தேவைப்படும் விஷத்தில் பெரும்பங்கை எடுத்துத் தருவது, வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம்தான். மழைக்காலத்தில் கட்டிலில் படுங்கள். முடியாவிட்டால் கொசுவலையைப் பாய்க்கு அடியில் நன்றாகச் செருகிக்கொண்டு படுங்கள்.

கூண்டில் ஒரு எலி மாட்டியது. அப்புறம் எதுவும் சீண்டவில்லை. எலி பேஸ்ட் வைக்கலாமா?
- வாசகர், கும்பகோணம்

வேண்டவே வேண்டாம். அதில் இருப்பது மஞ்சள் பாஸ்பரஸ். கல்லீரலைக் கெடுக்கும், முறிவு மருந்து கிடையாது. குழந்தைகள் இருக்கும் வீடோ இல்லாத வீடோ, அந்த டியூப் வீட்டுக்குள்ளேயே வரக்கூடாது.

எலி புதுப் பொருளைக் கண்டால் ஒதுங்கிப் போகும். எனவே கூண்டைச் சுவரை ஒட்டி வைத்து, மூன்று நான்கு இரவு கதவைத் திறந்தபடி கட்டிவிட்டு, சுட்ட தேங்காய்ச் சில்லோ கருவாடோ போடுங்கள். தின்று பழகட்டும். அதன் பிறகு பொறியைப் பூட்டுங்கள். சுண்டுவிரல் நுழைகிற ஓட்டையில் சுண்டெலி புகுந்துவிடும், அதனால் கம்பிவலையைத் திணித்து மேலே சிமென்ட் பூசுங்கள். கூண்டைக் கழுவும்போது கையுறை அவசியம். எலிக்காய்ச்சல் அதன் சிறுநீர் வழியாகத்தான் பரவுகிறது.

சாம்பாரில் பல்லி விழுந்தால் விஷமா?
- வாசகி, மதுரை

நம் வீட்டுப் பல்லிக்கு விஷம் கிடையாது. ஆனால் அதன் உடம்பிலும் எச்சத்திலும் வயிற்றுப்போக்கு உண்டாக்கும் கிருமிகள் இருக்கலாம், சாம்பாரைக் கொட்டிவிடுங்கள். பாத்திரங்களை மூடி வையுங்கள். இரவில் சமையலறை விளக்கை அணைத்தால் பூச்சி குறையும், பல்லியும் குறையும்.

ஓட்டுக் கூரைக்கு அடியில் இரவெல்லாம் ஏதோ ஓடுகிறது. மொட்டைமாடியில் விதைவிதையாக எச்சம் கிடக்கிறது.
- வாசகர், நாகர்கோவில்

மரநாய். பழம் தின்னி, அதனால்தான் எச்சத்தில் விதை. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கும் பொருந்தும்; பிடிக்கவோ கொல்லவோ கூடாது. கூரையைத் தொடும் கிளைகளை வெட்டுங்கள். சில இரவுகள் அங்கே விளக்கும் ரேடியோவும் ஓடட்டும். தொந்தரவு தாங்காமல் தாய் குட்டிகளைத் தூக்கிக்கொண்டு இடம் மாறும். ஓட்டையை அதன் பிறகே அடைக்க வேண்டும்.

உள்ளே குட்டி இல்லை என்று நிச்சயமாகத் தெரியாமல் அடைத்துவிடாதீர்கள். நான் இந்த வேலைக்கு வந்த புதிதில் அந்தத் தவறைச் செய்தேன். தாய் வெளியிலிருந்து இரவு முழுக்க ஓட்டைப் பிராண்டியது, உள்ளே குட்டிகள் கத்தின. விடிவதற்குள் ஏணி போட்டு ஏறி, நானே நாலு ஓடுகளைப் பிரித்துவிட்டேன்.