நோயும் தேவகோபமும்: அம்மாவின் 38ஆம் சங்கீதம்

கேள்வி: பக்கவாதத்தால் படுக்கையில் கிடக்கும் என் தாயார், இரவெல்லாம் வேதாகமத்தின் 38ஆம் சங்கீதத்தைச் சொல்லி அழுகிறார். ஜெபக்குழுவிலிருந்து வந்த ஒருவர், ‘இது தேவகோபம்தான்’ என்று சொல்லிவிட்டுப் போனதிலிருந்து இப்படி. ‘நாள்தோறும் சினங்கொள்ளுகிற தேவன்’ என்கிறது 7ஆம் சங்கீதம். ‘என்றைக்கும் கோபங்கொண்டிரார்’ என்கிறது 103ஆம் சங்கீதம். எதை நம்புவது?

பதில்: அன்புச் சகோதரி, இரண்டையும் நம்பலாம். ஆனால் அந்தக் கோபம் யார்மேல், அதைச் சொல்லுகிறவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். 7ஆம் சங்கீதம், செய்யாத குற்றம் சுமத்தப்பட்டு விரட்டப்படுகிற ஒருவன் நியாயம் கேட்கும் மன்றாட்டு. அநியாயத்தைக் கண்டும் சினங்கொள்ளாத ஒரு தேவனிடம் அவன் முறையிட்டு என்ன பயன்? நீங்கள் குறிப்பிட்ட 103ஆம் சங்கீதமும், கர்த்தர் உருக்கமும் இரக்கமும் உள்ளவர் என்று சொல்லுவதற்கு இரண்டு வசனங்களுக்கு முன்பே, ஒடுக்கப்படுகிறவர்களுக்கு அவர் நியாயம் செய்கிறார் என்று சொல்லிவிடுகிறது.

38ஆம் சங்கீதம் வேறு வகை. மரபாக எண்ணப்படும் ஏழு மனந்திரும்புதல் சங்கீதங்களில் அது ஒன்று. அதைப் பாடியவர் தம் நோயையும் தம் பாவத்தையும் சேர்த்தே பேசுகிறார் என்பதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் அவர் அதைத் தாமாகவே, தேவனை நோக்கி, ‘உம்முடைய கோபத்திலே என்னைக் கடிந்துகொள்ளாதேயும்’ என்ற விண்ணப்பமாகச் சொல்லுகிறார். வேறு எவரும் அவர் படுக்கையருகே நின்று அந்தத் தீர்ப்பை வாசிக்கவில்லை. நோயாளியைச் சுட்டி, ‘தீராவியாதி பிடித்துக்கொண்டது, இனி எழுந்திருக்கமாட்டான்’ என்று பேசுகிறவர்கள் 41ஆம் சங்கீதத்தில் வருகிறார்கள். ‘தேவன் அவனைக் கைவிட்டார்’ என்பவர்கள் 71ஆம் சங்கீதத்தில் வருகிறார்கள். இரண்டு இடங்களிலும் அவர்கள் பகைவர்கள். முன்னோர்மேல் வந்த கோபத்தை விரிவாகச் சொல்லும் 106ஆம் சங்கீதம்கூட, ‘நாங்களும் பாவஞ்செய்தோம்’ என்று பாடுகிறவர்களையும் சேர்த்துக்கொண்டுதான் அந்த வரலாற்றைத் தொடங்குகிறது. உங்கள் வீட்டுக்கு வந்தவர் பக்தியோடுதான் பேசியிருப்பார்; ஆயினும் சங்கீதங்களில் அவருடைய பேச்சுக்குக் கிடைத்திருக்கும் இடம் அந்தப் பகைவர்களின் வாயில்தான்.

ஆகவே அம்மாவிடமிருந்து அந்தச் சங்கீதத்தைப் பிடுங்காதீர்கள். அழவும் முறையிடவும் அவருக்கு உரிமை உண்டு. 88ஆம் சங்கீதம் ஆறுதல் ஒன்றும் சொல்லாமல் இருளிலேயே முடிந்தும், வேதத்தில் அதற்கு இடமிருக்கிறது. அம்மா 38ஆம் சங்கீதத்தின் முதல் வசனங்களிலேயே நின்றுவிடுகிறாரா என்று மட்டும் பாருங்கள். அப்படியானால், கூடவே உட்கார்ந்து, ‘என் தேவனே, எனக்குத் தூரமாயிராதேயும்’ என்னும் கடைசிப் பகுதிவரை வாசியுங்கள். யாருடைய கோபத்துக்கு அஞ்சுகிறாரோ அவரையே அருகில் வரும்படி அங்கே அழைக்கிறார் அந்த நோயாளி. பிறகு, முதிர்ந்த வயதில் தள்ளிவிடாதேயும் என்று ஒரு முதியவர் மன்றாடும் 71ஆம் சங்கீதத்தை வாசிக்கலாம். இரவில் தூக்கமின்மையும் அழுகையும் தொடர்ந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். பக்கவாதத்துக்குப் பின் மனச்சோர்வு வருவது உண்டு, அதற்குச் சிகிச்சையும் உண்டு.

அந்த ஜெபக்குழுக்காரர் மறுபடி வந்தால் வாசலில் வைத்து வாதாட வேண்டாம். உள்ளே அழைத்து, 41ஆம் சங்கீதத்தின் 3ஆம் வசனத்தை, வியாதியாய்ப் படுக்கையில் கிடக்கிறவனைக் கர்த்தர் தாங்குவார் என்ற அந்த வசனத்தை, அம்மாவின் காதில் விழும்படி அவரையே வாசிக்கச் சொல்லுங்கள்.