கோவிட் வந்துபோன பிறகும் மறதியும் மந்தமும் போகவில்லை. இதை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியுமா?

இன்றைக்கு முடியாது. அதே சமயம், "ரிப்போர்ட் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே நம்பிவிடாதீர்கள்.

நான் லேப் டெக்னீஷியன். 2021 மே மாதம், இரண்டாவது அலையில், என் அண்ணி ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். அந்த மாதம் எங்கள் லேபில் நீல மூடி ட்யூப் வந்து குவிந்தது. டி-டைமர், அதாவது ரத்தக்கட்டு கரையும்போது ரத்தத்தில் சேரும் புரதத் துண்டு, அதைப் பார்க்க அந்த ட்யூப்தான். கோடு வரைக்கும் ரத்தம் நிரம்பாவிட்டால் ரத்தம் உறையாமலிருக்க உள்ளே வைத்திருக்கும் சிட்ரேட்டின் விகிதம் மாறி ரிசல்ட் தப்பாகிவிடும், மறுபடி குத்த வேண்டும். ரத்தம் எங்காவது கட்டுகிறதா என்று தெரிந்துகொள்ளத்தான் அந்த எண்ணைப் பார்த்தோம். அதற்கும் மறதிக்கும் முடிச்சு இருக்கலாம் என்று எனக்கு அப்போது தோன்றவே இல்லை.

அண்ணி கணக்கு டீச்சர். செப்டம்பரில் பள்ளி திறந்ததும், போர்டில் பாதிக் கணக்கு போட்டுவிட்டு அடுத்த வரி வராமல் சாக்பீஸோடு நின்றிருக்கிறார். முன் பெஞ்சுப் பெண் ஒருத்தி மெதுவாக எடுத்துக் கொடுத்திருக்கிறாள். "தெரியாத கணக்கு இல்ல தம்பி, கைக்கு வரல" என்று என்னிடம் சொன்னபோது அவர் குரல் உடைந்துவிட்டது. ரிப்போர்ட்டைப் புரட்டிய ஒரு டாக்டர், "மனசப் போட்டுக் குழப்பிக்காதீங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். அந்த ஒரு வார்த்தையில் அண்ணி இரண்டு மாதம் யாரிடமும் வாய் திறக்கவில்லை.

2023 ஆகஸ்டில் நேச்சர் மெடிசின் இதழில் பிரிட்டன் ஆய்வு ஒன்று வந்தது. கோவிடுக்காக ஆஸ்பத்திரியில் சேர்ந்த 1,837 பேரின் ரத்த அளவுகளை, ஆறாம் மாதமும் பன்னிரண்டாம் மாதமும் அவர்களுடைய ஞாபகசக்தி எப்படி இருந்தது என்பதோடு ஒப்பிட்டிருந்தார்கள். அட்மிஷன் சமயத்தில், உடம்பில் அழற்சி இருப்பதைக் காட்டும் சி.ஆர்.பி.யோடு ஒப்பிட, ரத்தம் உறைய உதவும் ஃபைப்ரினோஜன் என்ற புரதம் அதிகமாக இருந்தவர்கள் மறதி என்று சொன்னதோடு, தேர்வு வைத்துப் பார்த்தபோதும் பின்தங்கினார்கள். டி-டைமர் அதிகமாக இருந்தவர்களுக்கோ மறதியோடு களைப்பும் மூச்சிரைப்பும் இருந்தன, வேலைக்குப் போவதும் சிரமமாக இருந்தது. நுரையீரலில் கட்டும் ரத்தம் இதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் ஊகம். இதைப் படித்துவிட்டு அண்ணியின் பழைய ஃபைலைத் தேடி எடுத்தேன். டி-டைமர் எகிறித்தான் இருந்தது.

அதற்காக நீங்கள் இப்போது போய் டி-டைமர் பார்க்காதீர்கள். ஆய்வு சொன்னது நோய் முற்றியிருந்த நாட்களின் அளவை. அதுவும் ஒரு கூட்டத்தில் தெரிந்த போக்குதான், தனி ஒருவருக்கு அதை வைத்து முடிவு சொல்ல முடியாது. நியூரோஃபிலமென்ட் என்று இன்னொன்று பேசப்படுகிறது. நரம்பு இழை சேதமானால் ரத்தத்தில் கசியும் புரதம் அது. ஸ்வீடனில் பார்த்தபோது, ஆறு மாதத்தில் அது இயல்புக்கு இறங்கிவிட்டது, பலருக்குத் தொந்தரவு மட்டும் அப்படியே இருந்தது. அமெரிக்காவின் ரிகவர் ஆய்வில் 10,000 பேருக்கு மேல் 25 சாதாரண டெஸ்ட்களைப் பார்த்தும், நீடித்த கோவிடைப் பிரித்துக் காட்டும் எண் எதுவும் கிடைக்கவில்லை. அதனால் நார்மல் ரிப்போர்ட் கையில் இருப்பதால் உங்கள் மறதி பொய்யாகிவிடாது.

பிறகு எதற்கு ரத்தம் கொடுப்பது? வேறு காரணம் ஒளிந்திருக்கிறதா என்று பார்க்க. தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை, இவ்வளவு முதலில் போதும், எல்லா ஊரிலும் பார்க்கலாம். அண்ணிக்கு பி12 குறைவாக இருந்தது. ஊசி போட்ட பிறகு கை கால் மதமதப்பு போனது, மறதி பாதிதான் குறைந்தது. மூவாயிரம் நாலாயிரம் ரூபாய் பேக்கேஜ் என்று யாராவது கூப்பிட்டால் போகாதீர்கள், லேபில் இருப்பவன்தான் சொல்கிறேன்.

அப்புறம், ஒரு நோட்டு போடுங்கள். எந்தத் தேதி, என்ன மறந்தது, அதற்கு முந்தின நாள் எவ்வளவு வேலை, எவ்வளவு தூக்கம். அண்ணி பழைய ரஃப் நோட்டில்தான் எழுதினார். அடுத்துப் போன நரம்பியல் டாக்டர் ஃபைலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைத்தான் கேட்டு வாங்கிப் படித்தார். வகுப்பில் தடுமாறிய நாட்களுக்கெல்லாம் முந்தின நாள் அண்ணி அளவுக்கு மீறி அலைந்திருந்தார் என்பது அதில்தான் தெரிந்தது.