பல்லாவரம் சந்தை, காரைக்குடி கடை, பாட்டி வீட்டு பரண்: பழைய சாமான் கேள்வி-பதில்

கேள்விங்க நிறைய சேர்ந்துருச்சு, ஒரே மாதிரி இருந்ததை எல்லாம் ஒண்ணாக்கிட்டேன். போட்டோ மட்டும் அனுப்பி "இது என்ன விலை போகும்"னு கேட்டவங்களுக்கு பதில் இல்லைங்க. ஒரு பொருளோட அடிப்பக்கத்தையும் முதுகுப்பக்கத்தையும் பாக்காம யாரு விலை சொன்னாலும் நம்பாதீங்க, நான் சொன்னாலும்தான்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமை சந்தைக்கு முதல் தடவையா போறேன். எத்தனை மணிக்கு போகணும், கையில என்ன எடுத்துட்டு போகணும்? – குரோம்பேட்டையில இருந்து ஒருத்தர்

காலையில சீக்கிரம் போயிடுங்க. தார்ப்பாய விரிச்சு மூட்டைய அவுக்கற நேரத்துலயே யாவாரிங்க வந்து நல்லதை பொறுக்கிடுவாங்க, வெயில் ஏறினப்புறம் நீங்க பாக்கறது அவங்க வேணாம்னு விட்டது. ஆனா தையல் மெஷின் ஸ்டாண்டு, மர பீரோ மாதிரி கனமான சாமான் வேணும்னா சாயங்காலம்தான் லாபம், திரும்பவும் வண்டி புடிச்சு ஏத்திட்டு போறதுக்கு வந்த விலைக்கு தள்ளிடலாம்னு இருப்பாங்க. பையில ஒரு சின்ன காந்தம், டார்ச், லென்ஸ், இஞ்ச் டேப்பு, அப்புறம் சில்லறை நோட்டு கண்டிப்பா வேணும், நூறு ரூபாய்க்கு மல்லு கட்டிட்டு ஐநூறு ரூபா நோட்டை நீட்டினா பேரம் அங்கயே முடிஞ்சுது. பில் இல்லாத பழைய போன், லேப்டாப் பக்கம் மட்டும் போகாதீங்க, திருட்டு மாலா இருந்தா வாங்கின நீங்களும் ஸ்டேஷனுக்கு அலையணும்.

1985-ல தீப்புடிச்சு எரியற வரைக்கும் மெட்ராஸ்ல இந்த மாதிரி வேட்டைக்கு மூர் மார்க்கெட்தான், இப்ப அந்த எடத்துல இருந்துதான் சபர்பன் ரயில் ஏர்றோம். அதை பாத்த பெருசுங்க பல்லாவரத்தை எல்லாம் ஒரு சந்தைன்னே ஒத்துக்க மாட்டாங்க, அவங்க பேச்சை கேட்டுட்டு போகாம இருந்துடாதீங்க.

பெரிய பித்தளை புனலோட கிராமபோன் ஒண்ணு, நாய் படம் போட்ட எச்.எம்.வி. ஸ்டிக்கர் இருக்கு, பாடுது. "நூறு வருஷம் பழசு"னு சொல்றாங்க. வாங்கலாமா? – திருச்சி வாசகி

வேணாங்க. ஹாலுக்கு அழகா ஒண்ணு வேணும்னா வாங்குங்க, நூறு வருஷத்துக்குன்னு காசு குடுக்காதீங்க. பளபளன்னு மின்னற பித்தளை புனல், எட்டு பட்டை மரப்பெட்டி, அது மேல நாய் ஸ்டிக்கர், இந்த மூணும் சேர்ந்து வந்தா முக்கால்வாசி பட்டறையில புதுசா செஞ்சதுதான், உள்ள இருக்கற மோட்டார் மட்டும் ஏதாவது உடைஞ்ச பழைய பெட்டியில இருந்து கழட்டினதா இருக்கும், அதனாலதான் பாடுது. புனல் வெளிய நிக்கற மாடல் எல்லாம் 1920கள்லயே பெரும்பாலும் நின்னு போய், புனலை பெட்டிக்குள்ளயே மறைச்சு வைக்க ஆரம்பிச்சுட்டாங்க. அசல் வேணும்னா சூட்கேஸ் மாதிரி மூடற போர்ட்டபிள் மாடல் பாருங்க, எச்.எம்.வி. 102 நம்ம ஊர்ல ஓரளவு கிடைக்கும், பாக்க அவ்வளவு ஜோரா இருக்காது, ஆனா அது ஏமாத்தாது.

வாங்கிட்டீங்கன்னா ரெண்டு விஷயம். அதுல 78 ஸ்பீடு தட்டு மட்டும்தான் போடணும், எல்.பி. ரெக்கார்டை போட்டா அந்த கனமான ஊசி ஒரே ஓட்டத்துல பள்ளத்தை எல்லாம் உழுதுடும். அந்த 78 தட்டு பிளாஸ்டிக் கிடையாது, அரக்கு கலந்து செஞ்சது, அழுக்கு போகட்டும்னு ஸ்பிரிட்டோ சானிடைசரோ தொட்டு தேச்சீங்கன்னா பாட்டும் சேர்ந்து கரைஞ்சு போயிடும். கொஞ்சம் சோப்பு தண்ணியில துணிய நனைச்சு புழிஞ்சு துடைங்க, நடுவுல லேபிள் மேல ஈரம் படக்கூடாது. ஸ்டீல் ஊசி ஒரு பக்கத்துக்கு ஒண்ணு, கஞ்சத்தனம் பண்ணா தட்டுதான் தேயும்.

காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவுல ஒரு வெண்கல உருளி பாத்தேன். உண்மையிலயே பழசான்னு எப்படி கண்டுபுடிக்கறது? சமைக்கலாமா? – மதுரைல இருந்து

முதல்ல காந்தம். ஒட்டுச்சுன்னா உள்ள இரும்பு, மேல முலாம், கிளம்பிடுங்க. அடுத்து விரல் மடக்கி ஒரு தட்டு தட்டுங்க, வெண்கலம்னா கணீர்னு இழுத்து அடங்கும், பித்தளை சீக்கிரம் செத்துடும், விரிசல் இருந்தா ரெண்டுமே பொத்துனு கேக்கும். அப்புறம் குப்புற கவுத்து தேய்மானத்தை பாருங்க. நெசமா புழங்கின பாத்திரம்னா காது, விளிம்பு, அடி, இந்த மூணு எடத்துல தேஞ்சு வழவழன்னு இருக்கும், சந்து பொந்துல அழுக்கு கெட்டியா இருக்கும். ஆசிட் போட்டு பழசாக்கினதுல உள்ள வெளிய எல்லாம் ஒரே மாதிரி பச்சை பூத்துருக்கும்.

பேர் வெட்டியிருந்தா லென்ஸ் வச்சு படிங்க. இன்னார் மகள்னு, சில நேரம் ஊர் பேரோட புள்ளி புள்ளியா வெட்டியிருப்பாங்க. அதுல ணை, லை, னை எல்லாம் யானை தும்பிக்கை மாதிரி வளைச்ச பழைய எழுத்தா இருந்தா 1978 எழுத்து சீர்திருத்தத்துக்கு முந்தினதா இருக்க வாய்ப்பு ஜாஸ்தி. அதுக்கப்புறமும் பழைய பழக்கத்துல வெட்டினவங்க உண்டு, அதனால அதை மட்டும் வச்சு முடிவு பண்ணாதீங்க. பாலிஷ் போட்டு பேரை அழிச்சு விக்கற கடைங்களும் இருக்கு, எனக்கு அதை பாத்தா வயிறு எரியும், பாத்திரத்துல பாதி மதிப்பு அந்த பேர்தானே.

சமையலுக்கு வெண்கலம் நல்லது. பித்தளைன்னா உள்ள ஈயம் பூசியிருக்கணும், இல்லாட்டி புளி ஊத்தவே ஊத்தாதீங்க. பூசறவங்ககிட்ட வெள்ளீயம்தானான்னு கேட்டு கண்ணு முன்னாடி பூச வைங்க, காரீயம் கலந்தா விஷம். பழைய ஈயச்சொம்புக்கும் இதே பயம்தான், எதுல செஞ்சதுன்னு உறுதியா தெரியாட்டி அலமாரியில வச்சு அழகு பாருங்க, ரசம் வேணாம்.

ரவிவர்மா லட்சுமி படம், பழைய ஃப்ரேம். அசல் பிரெஸ்ல அடிச்சதா, இப்ப அடிச்சதா? – கோயம்புத்தூர்

ஃப்ரேமை நம்பாதீங்க, பழைய ஃப்ரேம்ல புது படம் சொருகறது ரொம்ப சுலபம். ரவிவர்மா பம்பாய்ல 1894-ல ஆரம்பிச்ச பிரெஸ்ல கல்லுல கலர் கலரா அச்சடிச்சாங்க. லென்ஸ் வச்சு லட்சுமி கன்னத்தை பாருங்க, கல் அச்சுன்னா புள்ளிங்க ஒழுங்கில்லாம சிதறி இருக்கும், வரிசையா சின்ன பூ பூவா புள்ளி தெரிஞ்சா ஆஃப்செட் மெஷின்ல அடிச்சது, பின்னாடி காலத்துது. ஜரிகை, சமிக்கி ஒட்டி அலங்காரம் பண்ணதா இருந்தா தனி மதிப்பு, பிரிச்சு கழுவறேன்னு கிளம்பிடாதீங்க.

1818 கிழக்கிந்திய கம்பெனி காசு, பின்னாடி ராமர் பட்டாபிஷேகம். லட்சக்கணக்குல போகுமாமே? – நிறைய பேர்

போகாது. கம்பெனி அப்படி காசே அடிக்கலை, எல்லாம் பின்னாடி எவனோ அடிச்சு விட்டது. காசு வாங்கணும்னு ஆசையா இருந்தா 1835-ல இருந்து வந்த வெள்ளி ரூபாய வாங்குங்க, 0.01 கிராம் வரைக்கும் காட்டற தராசுல நிறுத்து பாருங்க, 11.66 கிராம் இருக்கணும், தேய்மானத்துக்கு கொஞ்சம் விடலாம், காந்தம் ஒட்டக்கூடாது. 1947 ரூபா நிக்கல்ல அடிச்சது, அது ஒட்டும், பயந்துடாதீங்க. அரிசிய இழுக்கற இரிடியம் கலசம்னு எவனாவது வந்தா பேசிட்டு நிக்காம போலீசுக்கு போன் போடுங்க.

ஒருத்தர் வீட்டுல இருந்த சின்ன ஐம்பொன் அம்மன் சிலை, தரேன்றார். அமெரிக்கா எடுத்துட்டு போகலாமா?

நூறு வருஷம் தாண்டின சிலைன்னா 1972 சட்டப்படி தொல்பொருள், தொல்லியல் துறைகிட்ட பதிவு பண்ணியிருக்கணும், தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்பவே முடியாது. பதிவு சர்டிபிகேட் எங்கன்னு கேளுங்க, பதில் மழுப்பலா வந்தா கும்பிட்டுட்டு வந்துடுங்க, கோவில் சிலையா இருந்துச்சுன்னா சிலை கடத்தல் தடுப்பு பிரிவு உங்க வீட்டு வாசல்ல நிக்கும். புது சிலையா இருந்தாக்கூட, பழசு இல்லைன்னு அதே துறைகிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டுதான் ஏர்போர்ட்டுக்கு போகணும். தந்தத்துல செஞ்சது எதுவானாலும் தொடவே தொடாதீங்க.

நியூ ஜெர்சியில இருக்கோம். இங்க எஸ்டேட் சேல்ல (ஒரு வீட்டு சாமானை எல்லாம் அங்கயே வச்சு விக்கறது) பழைய இரும்பு தோசைக்கல் கிடைக்கும்னு ஃப்ரெண்டு சொன்னா, எதை பாத்து வாங்கணும்?

உங்க ஃப்ரெண்டு விவரமான ஆளு. கிரிஸ்வோல்ட், வாக்னர்னு பழைய அமெரிக்க கம்பெனி பேர் போட்ட வட்டமான கிரிடில், அதாவது தட்டையான கல்லு, தேடுங்க. இப்ப வர்றதை விட வெயிட் கம்மி, மேல்பக்கம் கடைஞ்சு வழவழன்னு இருக்கும், தோசை சும்மா வழுக்கிட்டு வரும். டேபிள் மேல வச்சு அழுத்தி பாருங்க, ஆடினா வளைஞ்சுருக்குன்னு அர்த்தம். துரு பிரச்சனையே இல்ல, தேச்சு எண்ணெய் போட்டு பழக்கிடலாம். ஆனா அங்க சில பேர் மீன் தூண்டில் குண்டுக்கு காரீயத்தை இரும்பு சட்டியிலதான் உருக்குவாங்க, அதனால ஹார்டுவேர் கடையில லெட் டெஸ்ட் கிட் வாங்கி தேச்சு பாத்துட்டு அடுப்புல வைங்க. கடைசி நாள் போனா பல எடத்துல பாதி விலை, ஆனா நல்ல கல்லு முதல் நாள் காலையிலயே போயிடும்.

கோட்டையூர்ல பாட்டி வீட்டை பிரிக்கப்போறோம். பழைய சாமான் யாவாரி மொத்தமா ஒரு ரேட் சொல்றார். குடுத்துடலாமா?

மொத்தமா குடுக்காதீங்க, அந்த ஒரு ரேட்ல தேக்கு தூணுக்குள்ள மத்ததெல்லாம் இலவசமா போயிடும். மரம், பித்தளை வெண்கலம், பீங்கான் எனாமல், படம் கண்ணாடின்னு பிரிச்சு வச்சு மூணு யாவாரிங்களை தனித்தனியா கூப்பிட்டு காட்டுங்க. சுவீடன் கோக்கம்ஸ் முத்திரை இருக்கற எனாமல் அடுக்கு, ஜப்பான் டைல்ஸ் எல்லாம் இப்ப தேடி வாங்கறாங்க, டைல்ஸ கழட்டினா முதுகுல கம்பெனி பேர் இருக்கான்னு பாருங்க.

காகிதத்தை மட்டும் தயவுசெஞ்சு எடைக்கு போட்டுடாதீங்க. கல்யாண பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டு புஸ்தகம், பர்மா மலேயா கணக்கு நோட்டு எல்லாத்துக்கும் மதிப்பு உண்டு. உங்க கோட்டையூர்காரர் ரோஜா முத்தையா அப்படி சேத்து வச்சதை வச்சுதான் 1994-ல சென்னையில ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமே வந்துச்சு, அவங்களை ஒரு தடவை கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. நிலைக்கதவை கழட்ட ஆசாரிய கூப்பிடுங்க, யாவாரியோட ஆளுங்க கடப்பாரையோட வருவாங்க, நிலை பிளந்துச்சுன்னா வெறும் மர விலைக்குதான் எடுப்பாங்க.