மூளைப் படம் எடுத்து அறிக்கை தருகிறோம் என்கிறார்கள், போகலாமா?

கேள்வி: வயது 37. வெள்ளவத்தையில் இருக்கிறேன், கணக்காளராக வேலை செய்கிறேன். கையில் காசு இருந்தும் பில் கட்ட மறந்து இரண்டு தடவை கரண்ட் வெட்டிவிட்டார்கள். ஒரு மின்னஞ்சலை நாலு தரம் வாசித்தாலும் மனதில் நிற்பதில்லை. எனக்கு ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் அளவுக்கு மிஞ்சிய துடிப்பும் கொண்ட குறைபாடு, இருக்கலாம் என்கிறாள் தோழி. ஆனால் நான் துள்ளித் திரிந்த பிள்ளை இல்லை. தெரிந்த ஒருவர், மூளைப் படம் எடுத்து இரண்டு மணித்தியாலத்தில் அறிக்கை எடுத்துத் தரலாம், 65,000 ரூபாய், மருந்துக்கும் தானே ஒழுங்கு செய்வேன் என்கிறார். என் பள்ளிக்கூட ரிப்போட்டுகள் 1995 யாழ்ப்பாண இடப்பெயர்விலும் பிறகு வன்னியிலும் தொலைந்துவிட்டன. என்ன செய்யலாம்?

பதில்: அந்தக் காசைக் கொடுக்காதீர்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு பேசலாம்.

துள்ளித் திரியாத பிள்ளைக்கும் ஏடிஎச்டி இருக்கலாம். கவனக்குறைவு மட்டும் மேலோங்கி நிற்கும் வகை அது. வகுப்பைக் குழப்பாமல் யன்னலைப் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்பிள்ளையை எந்த ரீச்சரும் டொக்டரிடம் அனுப்புவதில்லை. அதனால்தான் முப்பது, நாற்பது வயதில் வந்து நிற்கிறார்கள்.

இதை இரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ தலையில் வயர் ஒட்டி எடுக்கும் ஈஈஜியோ சொல்லாது. ஒருவர் என்னிடம் சுருள் கம்பி போட்டுக் கட்டிய அறிக்கையோடு வந்தார். பக்கத்துக்குப் பக்கம் சிவப்பும் நீலமுமாக மூளைப் படம். சின்ன வயதில் எப்படி இருந்தீர்கள் என்ற ஒரு கேள்விகூட அதில் இல்லை. கடைசிப் பக்கத்துக் கையெழுத்துக்குக் கீழே பதிவு இலக்கமும் இல்லை. பரிசோதித்தபோது அவருக்கு இருந்தது தைரொயிட் குறைபாடு. அவர் கொடுத்தது இரண்டு மாதச் சம்பளம். இன்று நினைத்தாலும் எனக்குக் கோபம் வருகிறது. மருந்து எழுதக்கூடியவர் இலங்கை மருத்துவ சபையில் பதிந்த டொக்டர் மட்டுமே. உளவளத்துணையாளர் உதவலாம், ஆனால் மருந்து எழுத முடியாது. இடையில் நின்று உங்களிடம் காசு கேட்கும் மனிதருக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

மனநல மருத்துவர் பார்ப்பது உங்கள் வாழ்க்கைக் கதையைத்தான். கவனக்குறைவுக்கு 9 அறிகுறிகள் வைத்திருக்கிறார்கள். பெரியவர்களுக்கு அவற்றில் 5 ஆவது ஆறு மாதத்துக்குக் குறையாமல், வீடு, வேலை என்று ஓரிடத்துக்கு மேல் இருக்க வேண்டும். சிலவாவது 12 வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். இணையத்தில் கிடைக்கும் 6 கேள்விப் பட்டியல், டொக்டரிடம் போகலாமா என்று பார்க்க மட்டும்தான்.

அந்த 12 வயதுதான் நம்மவர்களுக்குச் சிக்கல். ரிப்போட் கொண்டுவா என்கிறார்கள். வீட்டையே விட்டு ஓடியவளிடம் ரிப்போட் கேட்டால் எங்கே போவாள்? ரிப்போட் இல்லையென்று உங்களைத் திருப்பி அனுப்ப எந்த விதியும் இல்லை. அக்கா, சித்தி, கூடப் படித்தவர், இருந்தால் பழைய ரீச்சர், இவர்களில் ஒருவர் சொல்வது போதும். ‘நல்ல பிள்ளையா’ என்று அவர்களிடம் கேட்காதீர்கள். கடைக்கு அனுப்பினால் என்ன வாங்கி வந்தேன், எத்தனை குடை தொலைத்தேன், வீட்டுப்பாடத்துக்கு யார் பக்கத்தில் இருந்தார்கள் என்று கேளுங்கள். இதில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. செல்லடிக்கும் இடப்பெயர்வுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைக்கும் மனம் ஒன்றில் நிற்காமல், நித்திரை வராமல் போகலாம். அது அதிர்ச்சியால் வரும் வேறு நோய், சிகிச்சையும் வேறு. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு. 1995க்கு முன்பே மறதி இருந்ததா, சண்டை இல்லாத வருசங்களிலும் தொடர்ந்ததா என்று பிரித்துச் சொல்லுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள்.

கேட்காமல் விடுவது நடக்கக்கூடியது. பின்னேரம் தனியார் ஆஸ்பத்திரியில் சனல் பண்ணிப் போனால் உங்களுக்கு முன் முப்பது பேர், ஆளுக்கு ஐந்து நிமிடம். அரசாங்கக் கிளினிக்கிலும் கூட்டம்தான். பிள்ளைகளுக்கான கிளினிக்கை விட்டு வளர்ந்த பிறகு எங்கே போவது என்று யாரும் சொல்வதில்லை. ‘கணக்காளராக இருக்கிறீர்களே, உங்களுக்கு எப்படி?’ என்று கேட்கும் டொக்டரும் இருக்கிறார். எழுந்து வந்துவிடாதீர்கள். எத்தனை இரவு விழித்திருந்து அந்தச் சோதனைகளைப் பாஸ் பண்ணினீர்கள் என்று சொல்லுங்கள். எல்லாவற்றையும் இரண்டு பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள். ஒரே தடவையில் முடியாது.

கொழும்பு தேசிய வைத்தியசாலையில் வெளிநோயாளர் பிரிவில் காட்டி மனநலக் கிளினிக்குக்கு அனுப்பச் சொல்லுங்கள். காசு இல்லை. அங்கொடையில் உள்ள தேசிய மனநல நிறுவனத்துக்கும் போகலாம். ஊரார் அந்தப் பெயரை ஏச்சாக்கிவிட்டார்கள் என்பதற்காகத் தயங்காதீர்கள். அந்த நிறுவனத்தின் தொலைபேசி 1926. தைரொயிட், இரத்தசோகை, குறட்டையால் கெடும் நித்திரை, மனச்சோர்வு, இவற்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

மருந்தென்றால் பெரும்பாலும் மெத்தில்பெனிடேற். சாதாரண குளிசை மூன்று நாலு மணித்தியாலம் வேலை செய்யும். பசி குறையும், பிந்திப் போட்டால் நித்திரை வராது. மற்றது அற்றமொக்செற்றின். அது தினமும் போட வேண்டும், பலன் தெரியச் சில வாரமாகும். தொடங்குமுன் நாடி, பிரஷர், நிறை பார்க்க வேண்டும். இதய நோயோ கர்ப்பமோ என்றால் முதலிலேயே சொல்லுங்கள். டொக்டர் சொன்ன அளவில் போட்டால் அடிமையாவீர்கள் என்ற பயம் வேண்டாம். மெத்தில்பெனிடேற் கட்டுப்பாட்டு மருந்து. துபாயிலிருந்து மச்சான் கொண்டுவருவதும், சிநேகிதியின் மகனுடைய குளிசையில் பாதி வாங்குவதும் கூடவே கூடாது. கிளினிக்கில் மருந்து முடிந்துவிட்டது என்று கைவிரிக்கும் நாளும் வரலாம். குளிசை தீர ஒரு கிழமை இருக்கும்போதே கேளுங்கள். பில்லுக்கு வங்கியில் தானாகக் கழியும் ஒழுங்கை நாளைக்கே செய்யுங்கள், அதற்கு டொக்டர் தேவையில்லை. அலுவலகத்துக்குக் கிளினிக் எதையும் சொல்லாது.

அம்மா இருந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். ‘என் பிள்ளை வடிவாகப் படித்தவள், ஒரு குறையும் இல்லை’ என்றுதான் தொடங்குவார். தடுக்காதீர்கள். இரவில் புத்தகப் பையை யார் அடுக்கியது என்று டொக்டர் அடுத்துக் கேட்பார்.