சிம்லா, மணாலி பக்கம் போனால் தேவதாரு, பைன், ஸ்ப்ரூஸ், ஃபிர் மரங்களை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பது?

தூரத்தில் நின்று மரத்தின் உருவத்தை வைத்துப் பெயர் சொல்லப் பார்க்காதீர்கள். கீழே விழுந்து கிடக்கும் ஒரு சின்னக் கிளையை எடுத்து, ஊசியிலை எப்படி ஒட்டியிருக்கிறது என்று பாருங்கள். வேலை விஷயமாகச் சிம்லாவில் இருந்தபோது ஒரு வனக்காவலர் எனக்குச் சொல்லித் தந்த வழி இது.

இரண்டு மூன்று ஊசிகளோ அதற்கு மேலோ அடியில் ஒன்றுசேர்ந்து கொத்தாக இருந்தால் பைன். கொத்துக்கு எத்தனை என்று எண்ணுங்கள். மூன்று இருந்து, ஊசி ஒரு சாண் நீளம் வந்தால் சீர் பைன். ஐந்து இருந்து, நீலம் கலந்த பச்சையாகத் தொங்கினால் நீலப் பைன். அங்கே ‘கைல்’ என்பார்கள். சீர் பைன் தாழ்வான, வெயில் படும் சரிவுகளின் மரம். மலையடிவாரக் கால்காவிலிருந்து சிம்லா போகும் மலை ரயிலில் ஏறினால் முதலில் இதுதான் வரும். 2,000 மீட்டரை நெருங்க நெருங்க தேவதாரு தொடங்கிவிடும். சீர் பைனின் காய்ந்த ஊசிகளில் பிசின் உண்டு, கோடையில் சட்டென்று தீப்பிடிக்கும். அதன் மேல் நடந்தால் வழுக்கவும் செய்யும், கவனம்.

தேவதாருவில் ஊசிகள் குட்டையானவை. பழைய கிளையில் சின்ன முண்டு முண்டாக இருக்கும். ஒவ்வொரு முண்டிலிருந்தும் இருபது முப்பது ஊசிகள் நாலாபக்கமும் விரியும். இளங்கிளையின் நுனியில் மட்டும் தனித்தனியாக இருக்கும் என்பதால், எப்போதும் பழைய பகுதியைப் பாருங்கள். காய் முட்டை வடிவில் கிளைமேல் நிமிர்ந்து உட்கார்ந்திருக்கும். முற்றியதும் மரத்திலேயே செதில் செதிலாக உதிர்ந்துவிடுவதால், அடியில் முழுக்காய் கிடைப்பது அபூர்வம். நுனித் துண்டு மட்டும் மரத்தில் செதுக்கிய ரோஜாவைப் போல விழும். கிடைத்தால் அது தேவதாருதான், சந்தேகமே வேண்டாம். கட்டையில் எண்ணெய் இருப்பதால் எளிதில் செல்லரிக்காது, உளுக்காது. அதனால்தான் அங்கே பழைய கோயில்களுக்கும் வீடுகளுக்கும் இந்த மரம். மணாலியில் 1553இல் கட்டிய ஹிடிம்பா கோயிலைச் சுற்றி நிற்கும் தேவதாருக்களை நேரம் ஒதுக்கிப் பாருங்கள். அவ்வளவு உயரம், அவ்வளவு நேர்!

குழப்பம் வருவது ஸ்ப்ரூஸுக்கும் ஃபிருக்கும் இடையில்தான். இரண்டிலும் ஊசிகள் ஒவ்வொன்றாகக் கிளையில் நிற்கும். ஒரு ஊசியைப் பறித்து விரல்களுக்கு நடுவே உருட்டுங்கள். நான்கு பக்கம் இருப்பதால் உருண்டால் ஸ்ப்ரூஸ். தட்டையாக, உருளாமல் இருந்து, அடிப்பக்கம் வெளிறிய இரண்டு கோடுகள் தெரிந்தால் ஃபிர். ஊசி உதிர்ந்த ஸ்ப்ரூஸ் கிளை சொரசொரவென்றும், ஃபிர் கிளை வட்டத் தழும்போடு வழவழவென்றும் இருக்கும். ஸ்ப்ரூஸ் காய் தொங்கும், முழுதாக விழும். ஃபிர் காய் நிமிர்ந்து நிற்கும், தேவதாரு போலவே உதிரும்.

அப்புறம், நம் ஊர்ச் சவுக்கை இந்தக் கூட்டத்தில் சேர்க்காதீர்கள். அது பூக்கும் தாவரம். ஊசி போலத் தெரிவது பச்சைக் குச்சிதான். இழுத்தால் கணுக் கணுவாகக் கழன்று வரும், கணுவில் பல் பல்லாக இருப்பதுதான் இலை. பயணத்துக்கு முன்னால் பழகிப் பார்க்க ஊட்டி, கொடைக்கானல் பைன் காடுகள் போதும். அவை நட்டு வளர்த்தவை என்றாலும் கொத்தை எண்ணும் முறை அங்கேயும் அதேதான்.